பிசைய வேண்டாத பிரெட்: க்ளூட்டன் இல்லாமல் வீட்டில் சுடுவது எப்படி

முதன்முதலில் க்ளூட்டன் இல்லாத பிரெட் சுட்டபோது நான் இருபது நிமிடம் மாவு பிசைந்தேன். கோதுமை மாவில் பிரெட் சுட்டுப் பழகிய கை, அரிசி மாவையும் அதே மாதிரி அழுத்தி மடித்து இழுத்து, இதோ இப்போது மிருதுவாகிவிடும், இன்னும் ஐந்து நிமிடத்தில் ஆகிவிடும் என்று விடாமல் பிசைந்துகொண்டே இருந்தது. ஆகவில்லை. கையில் ஒட்டியது, பலகையில் ஒட்டியது, ஓவனிலிருந்து வெளியே வந்தது ஒரு செங்கல். வெளியே பாறை, உள்ளே பிசின்.

அதைக் குப்பையில் போட்ட பிறகுதான் கேட்டுக்கொண்டேன்: மாவை எதற்காகப் பிசைகிறோம்? க்ளூட்டன் உருவாவதற்காக. க்ளூட்டனே இல்லாத மாவை மணிக்கணக்காகப் பிசைந்தாலும் அதிலிருந்து என்ன வந்துவிடப் போகிறது? இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கோதுமை பிரெட்டின் விதிகளை மறந்துவிட்டு இதை வேறு ஒரு பண்டமாக நினைத்துச் செய்தால், உண்மையில் இது கோதுமை பிரெட்டைவிடச் சுலபம். பிசைதல் கிடையாது, இரண்டு முறை உப்ப விடுவது கிடையாது, ஒரு கிண்ணமும் ஒரு கரண்டியும் போதும்.

சரி, க்ளூட்டன் என்றால் என்ன? கோதுமையில் க்ளூட்டெனின், க்ளையடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. மாவில் தண்ணீர் பட்டதும் இவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இழுத்தால் திரும்பி வரும் விசையை க்ளூட்டெனின் தருகிறது, அறுந்துபோகாமல் நீளும் தன்மையை க்ளையடின் தருகிறது. இரண்டும் சேர்ந்து மாவு முழுக்க ஒரு ரப்பர் வலை மாதிரி பரவி நிற்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும்போது அந்த வாயு இந்த வலையில் மாட்டிக்கொண்டு ஆயிரம் குட்டி பலூன்களாக ஊதுகிறது, ஓவன் சூட்டில் அப்படியே இறுகி நிற்கிறது. அதுதான் பிரெட்டின் பஞ்சுத்தன்மை. க்ளூட்டனைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால், கோதுமை மாவு உருண்டையைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக் கசக்கிக்கொண்டே இருங்கள். ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, பால் போல வழிந்து போய், சூயிங் கம் மாதிரி ஒரு கட்டி கையில் மிஞ்சும். இத்தாலியின் போலோஞா நகரத்து அறிஞர் பெக்காரி இதைத்தான் செய்து பார்த்து 1745இல் அச்சில் வெளியிட்டார்.

பார்லியிலும் ரை தானியத்திலும் இதே குடும்பத்துப் புரதங்கள் உண்டு. ரவை, மைதா, கோதுமைத் தவிடு, ஸ்பெல்ட் எல்லாமே கோதுமைதான், பெயர்தான் வேறு. மால்ட் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பார்லி. பக்வீட் என்ற தானியம் மட்டும் பெயரில் ஏமாற்றும். பெயரில் 'வீட்' இருந்தாலும் அதற்கும் கோதுமைக்கும் உறவே இல்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

யாருக்கு இது கட்டாயம் வேண்டும்? சீலியாக் நோய் இருப்பவர்களுக்கு. க்ளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்பு சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கி, சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய முனைகளைத் தட்டையாக்கிவிடும். உலகில் சுமார் நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது, பலருக்கு இருப்பதே தெரியாது. இதற்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. 1944-45 குளிர்காலத்தில் அங்கே கடும் பஞ்சம், பிரெட் கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள், பிரெட் திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். கோதுமை மேல் அவருக்கு ஏற்கெனவே இருந்த சந்தேகம் அதில் உறுதியாக, 1950இல் அதை முனைவர் பட்ட ஆய்வாகவே எழுதினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் நிறைய பேர் இதில் தவறுகிறார்கள். சீலியாக் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் முதலில் மருத்துவரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அப்புறம் க்ளூட்டனை நிறுத்துங்கள். முன்பே நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையில் தேடும் எதிர்ப்பொருள்கள் குறைந்துபோய், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். கோதுமை அலர்ஜி என்பது தனி நோய், அதற்குத் தனிப் பரிசோதனை. எந்தப் பிரச்சினையும் இல்லாமல் உடம்பு இளைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் க்ளூட்டனை விடுகிறீர்கள் என்றால், என் கருத்தில் அது வீண் வேலை. க்ளூட்டன் இல்லாத பிரெட்டில் ஸ்டார்ச் நிறைய, புரதம் குறைவு. அதிக ஆரோக்கியம் என்று தனியாக ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

இனி சமையலறைக்குப் போவோம். க்ளூட்டன் தனியாளாகச் செய்த வேலையை நாம் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறோம். உடம்பையும் ருசியையும் தருவதற்கு ஒரு தானிய மாவு, மென்மைக்கு ஒரு ஸ்டார்ச், எல்லாவற்றையும் பிடித்து வைத்து வாயுவை வெளியே விடாமல் காப்பதற்கு ஒரு பசை. இந்த மூன்றில் எது குறைந்தாலும் பிரெட் காட்டிக்கொடுத்துவிடும்.

மாவு என்றால் அரிசி, வெள்ளைச் சோளம், சிறுதானியங்கள், பக்வீட் என்று எதுவும் சரி. அரிசி மாவுக்குத் தனி ருசி இல்லை, அதுவே அதன் நல்ல குணம், ஆனால் அரிசி மட்டுமே போட்டால் பிரெட் உதிரும், கொஞ்சம் நறநறவென்றும் இருக்கும். அதனால் வேறொரு மாவோடு கலந்தால் நல்லது. மாவு எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கடலை மாவு கொஞ்சம் சேர்த்தால் புரதமும் நிறமும் கிடைக்கும், அதிகம் போட்டால் பிரெட் முழுக்க அதன் வாடைதான். ஓட்ஸில் க்ளூட்டன் இயல்பாக இல்லைதான், ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. க்ளூட்டன் இல்லாதது என்று தனியாகக் குறிக்கப்பட்டதை மட்டும் வாங்க வேண்டும், சீலியாக் உள்ளவர்களில் சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை.

ஸ்டார்ச் என்பது உருளைக்கிழங்கு ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச், மக்காச்சோள ஸ்டார்ச், இவற்றில் ஒன்று. தமிழில் இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. 'சோள மாவு' என்று ஒருவர் சொன்னால் அது வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவா, மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவா, அல்லது கார்ன்ஃப்ளவர் என்று விற்கும் வெள்ளை வெளேர் ஸ்டார்ச்சா என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மூன்றும் மூன்று பொருள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுவிட்டு நேற்று நன்றாக வந்தது இன்று ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் நானும் உண்டு.

பசைதான் நிஜமான கதாநாயகன். இதில் என் ஓட்டு இசப்கோலுக்கு, அதாவது மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கும் அதே உமிதான். தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழவென்று ஒரு ஜெல்லாக மாறும். இந்த ஜெல் நீளும், வாயுவைப் பிடிக்கும், மாவைக் கையால் உருட்டும் அளவுக்குக்கூடக் கட்டிப் பிடிக்கும். க்ளூட்டனுக்கு மிக அருகில் வருவது இதுதான். வாங்கும்போது ஆரஞ்சு ருசி, இனிப்பு எல்லாம் கலந்த மருந்து வகையை வாங்கிவிடாதீர்கள், வெறும் உமியாக இருக்க வேண்டும். இன்னொன்று சாந்தன் கம். ஒரு வகை பாக்டீரியாவைச் சர்க்கரையில் புளிக்க வைத்து எடுக்கும் பொடி, ஒரு டீஸ்பூனே பெரிய வேலை செய்யும், கேக்குக்கு அருமை. பிரெட்டுக்கு அது மட்டும் போட்டால் எனக்கு ஏனோ ஈரமான ஸ்பாஞ்சைக் கடிப்பது போலவே இருக்கிறது. ஆளி விதைப் பொடியும் சியா விதையும் ஓரளவு கைகொடுக்கும். முட்டை சாப்பிடுபவர்கள் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், அது சூட்டில் இறுகிப் பிரெட்டைத் தாங்கும், ஆனால் அப்போது தண்ணீரில் 50 கிராம் குறைக்க வேண்டும்.

எல்லோரும் பயப்படும் இடம் தண்ணீர். கோதுமை பிரெட்டில் 100 கிராம் மாவுக்கு 60 முதல் 70 கிராம் தண்ணீர் போகும். இதில் 100 கிராமுக்கு 110 கிராமுக்கு மேல். கிண்ணத்தில் பார்த்தால் தப்பு செய்துவிட்டோம் என்றே தோன்றும், உடனே கை மாவு டப்பாவைத் தேடும். தேட வேண்டாம். இசப்கோலும் மாவும் அந்தத் தண்ணீரை மெதுவாகக் குடித்துக்கொள்ளும். தண்ணீரைக் குறைத்தால் பிரெட் உப்ப முடியாமல் வெடித்து, உலர்ந்து, மறுநாளே மணலாக உதிரும். என் முதல் செங்கல்லின் இன்னொரு காரணம் இதுதான்.

இப்போது ஒரு பிரெட்டுக்கான கணக்கு, ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் நீளம் 11 சென்டிமீட்டர் அகலம் உள்ள டின்னுக்கு. நைசான அரிசி மாவு 150 கிராம், வெள்ளைச் சோள மாவு 100 கிராம், உருளைக்கிழங்கு அல்லது மரவள்ளி ஸ்டார்ச் 100 கிராம், இசப்கோல் உமி 20 கிராம் (பொடித்தது என்றால் 17 போதும்), இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 7 கிராம், எண்ணெய் 20 கிராம், வினிகர் 10 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 400 கிராம். எல்லாவற்றையும் கிராமில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கப் அரிசி மாவும் ஒரு கப் மரவள்ளி ஸ்டார்ச்சும் ஒரே எடை இருக்காது, அழுத்தி அள்ளினால் இன்னும் மாறும். இந்த பிரெட்டுக்காக ஒரே ஒரு சாமான் புதிதாக வாங்குவதாக இருந்தால் அது சமையலறைத் தராசாக இருக்கட்டும்.

தண்ணீர் விரலை வைத்தால் இதமாகச் சுட வேண்டும், 38 முதல் 40 டிகிரி. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் அங்கேயே செத்துவிடும், 55-60 டிகிரியைத் தாண்டினால் அது பிழைக்காது. அந்தத் தண்ணீரில் பாதிக்கு மேல், ஒரு 250 கிராம், தனியாக எடுத்து இசப்கோலைத் தூவிக்கொண்டே கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டு, பிறகு எதைக் கொண்டும் உடைக்க முடியாது. ஐந்து நிமிடத்தில் அது ஜெல்லாகிவிடும். மீதித் தண்ணீரில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் மேலே நுரை கட்டும். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டுக்கு இது அவசியமில்லைதான், ஆனால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று மாவெல்லாம் கலந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. நுரை வரவில்லை என்றால் புது பாக்கெட் பிரியுங்கள்.

மாவு, ஸ்டார்ச், உப்பு மூன்றையும் ஒரு பெரிய கிண்ணத்தில் நன்றாகக் கலந்து, அதில் ஜெல், ஈஸ்ட் தண்ணீர், எண்ணெய், வினிகர் எல்லாவற்றையும் ஊற்றி, கெட்டியான மரக்கரண்டியாலோ கையாலோ உலர்ந்த மாவு எங்கும் தெரியாமல் போகும்வரை மூன்று நான்கு நிமிடம் அழுத்திக் கலக்குங்கள். மிக்ஸர் இருந்தால் இன்னும் சுலபம். இங்கே வேலை கலப்பது மட்டுமே, ஜெல் எல்லா மூலைக்கும் போய்ச் சேர வேண்டும். முடிந்ததும் அது ஈரக் களிமண் பதத்தில் இருக்கும்: கரண்டியில் எடுத்தால் தானாக விழாது, தட்டினால் பொத்தென்று விழும். பட்டர் பேப்பர் போட்ட டின்னில் அதை நிரப்பி, மூலைகளில் காற்று தங்காமல் அழுத்தி, ஈரக் கையால் மேற்புறத்தைத் தடவி வழவழப்பாக்குங்கள். இப்போது எப்படித் தடவுகிறீர்களோ அப்படித்தான் பிரெட்டின் மேற்புறமும் வரும், உப்பும்போது தானாகச் சமன் ஆகாது.

மூடிவைத்து, வெதுவெதுப்பான இடத்தில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். கோதுமை மாவைப் போல இரண்டு மடங்காகும் வரை காத்திருக்கக் கூடாது. ஒன்றரை மடங்கு வந்தாலே போதும், டின்னின் விளிம்பை எட்டிப் பார்க்கும்போது ஓவனுக்குள் போய்விட வேண்டும். ஒரு முறை உப்பியதை அழுத்திக் காற்றை எடுத்துவிட்டு மறுபடி உப்ப விடும் பழக்கமும் இங்கே ஆகாது. ரப்பர் வலை இல்லாத இடத்தில் போன வாயு போனதுதான்.

ஓவனை முன்னதாகவே 200 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். 55 முதல் 65 நிமிடம் வேக வேண்டும், கோதுமை பிரெட்டைவிட நன்றாகவே அதிக நேரம், ஏனென்றால் அவ்வளவு தண்ணீரையும் சூடாக்கி, ஒரு பகுதியை ஆவியாகவும் வெளியேற்ற வேண்டும். மேலே சீக்கிரம் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளால் மூடிவிட்டுத் தொடருங்கள். நிறத்தைப் பார்த்து வெளியே எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. வெளியே பொன்னிறம், உள்ளே கூழ். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 97 டிகிரி வர வேண்டும். இல்லையென்றால் நம் தராசு இருக்கிறதே. டின்னில் போட்ட மாவின் எடை 830 கிராம் பக்கம் இருந்தது, வெந்த பிரெட் 710 முதல் 730 கிராமுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் டின்னை விட்டு வெளியே எடுத்து நேராகக் கம்பித் தட்டில் வைத்து இன்னும் பத்து நிமிடம்.

அப்புறம் கத்தியை எடுக்கக் கூடாது. வாசனை வீட்டையே தூக்கும், யாராவது வந்து ஒரு துண்டு கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். ஓவன் சூட்டில் ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்துப் பசை போல இளகியிருக்கிறது. அது ஆறி இறுகினால்தான் பிரெட்டுக்கு வடிவம் நிற்கும். சுடச்சுட வெட்டினால் கத்தி முழுக்கப் பிசின், பிறகு அந்தப் பிரெட் வேகவில்லை என்று ஓவனைத் திட்டுவீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரம், மூன்று என்றால் இன்னும் நல்லது.

சரியாக வரவில்லை என்றால் என்ன செய்வது? ஓவனிலிருந்து எடுக்கும்போது அழகாக இருந்து, ஆறும்போது நடுவில் குழி விழுந்தால், ஒன்று அதிக நேரம் உப்ப விட்டிருக்கிறீர்கள், இல்லை போதுமான அளவு வேகவில்லை, இல்லை தண்ணீர் கூடிவிட்டது, பெரும்பாலும் முதல் இரண்டுதான். உப்பவே இல்லை என்றால் ஈஸ்ட், அல்லது தண்ணீர் குறைவு. உதிர்ந்தால் இசப்கோல் குறைவு. உட்புறம் லேசான ஊதாவாகவோ சாம்பலாகவோ இருந்தால் பயப்படாதீர்கள், சில இசப்கோல் வகைகள், முக்கியமாகப் பொடித்தவை, வெந்ததும் அப்படி நிறம் மாறும். கெட்டுப்போகவில்லை, சாப்பிடலாம், அடுத்த முறை வேறு வகை வாங்கினால் சரியாகிவிடும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தண்ணீரையும் மாவையும் நேரத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

ஈஸ்ட்டோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவர்கள் பேக்கிங் பவுடர் போட்டு, உப்ப விடாமல் நேராகச் சுடும் பிரெட்டில் தொடங்கலாம். ருசி கேக்கும் பிரெட்டும் கலந்த மாதிரி இருக்கும், அதில் தப்பில்லை. பேக்கிங் பவுடரின் உறையைப் படித்துப் பாருங்கள், சிலவற்றில் கோதுமை ஸ்டார்ச் சேர்க்கிறார்கள்.

சீலியாக் உள்ளவருக்காகச் சுடுகிறீர்கள் என்றால் இந்தப் படிப்பது நிற்கவே கூடாது. க்ளூட்டன் இல்லாதது என்று உறையில் போடுவதற்குச் சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு. கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரிசியை அரைத்தால் இந்த வரம்பு எங்கேயோ போய்விடும். வீட்டிலும் அப்படித்தான்: கோதுமை மாவு சலித்த சல்லடை, கீறல் விழுந்த மரக்கரண்டி, பழைய மரப்பலகை, எதையும் எவ்வளவு கழுவினாலும் நம்பாதீர்கள், தனியாக ஒரு செட் வையுங்கள். கோதுமை மாவு காற்றில் பறந்து படியும், அதனால் ஒரே நாளில் இரண்டையும் சுடுவதாக இருந்தால் இதை முதலில் முடித்து மூடிவைத்துவிட்டு, பிறகு கோதுமையை வெளியே எடுங்கள்.

இந்த பிரெட் சீக்கிரம் காய்ந்துபோகும். இறுகிய ஸ்டார்ச் நாளாக நாளாக இன்னும் கெட்டிப்படும், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் அது வேகமாகவே நடக்கும், அதனால் அங்கே வைக்க வேண்டாம். சுட்ட அன்றைக்கும் மறுநாளைக்கும் வேண்டியதை வெளியே மூடிவைத்துவிட்டு, மீதியை நன்றாக ஆறிய பிறகு துண்டு போட்டு, துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வேண்டும்போது ஒரு துண்டை உருக விடாமல் அப்படியே டோஸ்டரில் போட்டால் புதிதாகச் சுட்டது போல மெத்தென்று வரும். டோஸ்டரும் தனி டோஸ்டர்தான், கோதுமை பிரெட்டின் துகள் அடியில் எப்போதும் கிடக்கும்.